ஆற்றோரச் சரளை நிலம்: அறிந்து பயிர் செய்வோம்

(வானொலியின் பண்ணைப் பகுதியில் ஒலிபரப்பான பேச்சு)



காரியாபட்டி வட்டாரத்தில் கரிசக்காடு உண்டு, செவக்காடு உண்டு. இந்த இரண்டைப் பற்றியும் பலரும் பேசியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு நிலம் இருக்கிறது. குண்டாற்றை ஒட்டியும், அதில் வந்து விழுகிற ஓடைகளை ஒட்டியும், மேலே கொஞ்சம் மண்ணும் அடியில் பருமணலும் கூழாங்கல்லுமாகக் கிடக்கிற படுகை நிலம். அளவில் குறைவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். இன்றைக்கு அந்த நிலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஆற்றோரமாக இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. மண் பரிசோதனைக்கு அனுப்பி, வந்த சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல்சத்து நடுத்தரம், உப்பு இல்லை என்று போட்டிருந்தது. நானும் விவசாய இலாகாவில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற தைரியத்தில், "நல்ல மண்தான் மச்சான், தாராளமா பருத்தி போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவரும் போட்டார். உரத்தைச் சீட்டில் கண்டபடி வாங்கி, யூரியா முழுவதையும் ஒரே தடவையாக வைத்தார். இரண்டாம் நாள் நல்ல மழை. அடுத்த வாரமே செடி வெளுத்தது. மழை விட்டு ஐந்தாறு நாளில் பகல் நேரத்தில் இலை தொங்கியது. விடிய விடிய மோட்டாரை ஓடவிட்டார். மூன்றாம் நாள் மறுபடியும் வாட்டம். பக்கத்துக் கரிசல்காரர் பருத்தி பச்சென்று நிற்கிறது. இவர் பருத்தி முழங்கால் உயரம் தாண்டவில்லை.

"மாப்ளே, நீ சொன்ன நல்ல மண்ணு இதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து லாரிக்காரர் ஒருவர் வந்து, "மேல்மண்ணை ஒரு மீட்டர் எடுத்துக்கிறேன், ரொக்கமாத் தர்றேன்" என்று விலை பேசினார். மச்சான் பாதி மனசாகச் சம்மதித்துவிட்டார். மகன் பட்டாசு ஆலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன். அவனுக்கும் நிலத்தில் பிடிப்பு விட்டுப்போச்சு. அக்காதான் குறுக்கே நின்றாள். "ஒரு மாசம் பொறுங்க. என்னன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆற்றோர மண் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம். குண்டாறு மேற்கே மலைப் பக்கம் கிளம்பி, திருமங்கலம் பக்கமாக வந்து, நம் வட்டாரத்தைக் கடந்து, திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் சில நாள் வெள்ளம். வெள்ளம் வேகமாக ஓடும் இடத்தில் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டுவந்து போடும். வேகம் தணியும் இடத்தில் மணல். தேங்கி நிற்கும் இடத்தில்தான் வண்டல். ஆறு காலத்துக்கும் ஒரே தடத்தில் ஓடியதில்லை. ஒரு காலத்தில் வேகமாக ஓடிய தடத்தின் மேல் பிற்பாடு வண்டல் படிந்திருக்கும். அதனால்தான் இந்த நிலம் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரே ஏக்கரில் இந்த வரப்பில் ஒரு மாதிரி, அந்த வரப்பில் ஒரு மாதிரி இருப்பதற்கும் காரணம் இதுதான்.

கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மழுங்கி உருண்டையாக இருந்தால் ஆறு கொண்டுவந்தது. மூலையும் முனையுமாகச் செந்நிறத்தில் இருந்தால் அது அந்த இடத்துப் பாறையே உடைந்து வந்த செவல் சரளை. கரிசலுக்கு அடியில் வெள்ளையாகக் கிடப்பது சுண்ணாம்புக் கல். அதில் எலுமிச்சம்பழச் சாற்றை விட்டால் நுரைக்கும். மூன்றையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

சரி, பரிசோதனைச் சீட்டு ஏன் எங்களை ஏமாற்றியது? சீட்டில் பொய் இல்லை. நான்தான் படிக்கத் தெரியாமல் படித்தேன். பரிசோதனை நிலையத்தில் மண்ணை இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். கீழே விழுந்த பொடி மண்ணைத்தான் சோதிப்பார்கள். சல்லடையில் தங்கிய கல்லை ஒதுக்கிவிடுவார்கள். அது உலகம் முழுக்க உள்ள முறை. பிறகு ஏக்கருக்கு இத்தனை கிலோ சத்து என்று கணக்குப் போடும்போது, நிலம் முழுவதும் அந்தப் பொடி மண்ணே நிறைந்திருப்பதாக வைத்துக்கொள்வார்கள். உங்கள் நிலத்தில் பத்தில் மூன்று பங்கு கல் என்றால், சீட்டில் கண்ட சத்திலும் பத்தில் ஏழு பங்குதான் உண்மையில் இருக்கிறது. சீட்டில் "நடுத்தரம்" என்று இருப்பது நிலத்தில் "குறைவு" ஆகிவிடும். ஆகவே சரளை நிலத்துக்காரர்கள் மண் மாதிரி அனுப்பும்போது, இத்தனை பங்கு கல் உள்ளது என்று துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

கல் எத்தனை பங்கு என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பத்து லிட்டர் வாளியில், தோண்டின மண்ணைக் கல்லோடு சேர்த்துத் தட்டித் தட்டி நிரப்புங்கள். பிறகு சலித்துக் கல்லைத் தனியாக எடுத்துக் கழுவுங்கள். இன்னொரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் வைத்து, கீழே ஒரு தாம்பாளம் வைத்து, அந்தக் கல்லை மெதுவாகப் போடுங்கள். வழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். மூன்று லிட்டர் வழிந்தால் பத்தில் மூன்று பங்கு கல். மச்சான் நிலத்தின் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வந்தது.

இனி தண்ணீர்க் கணக்கு. கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. பருமணலும் அதிகம் வைத்துக்கொள்ளாது. ஒரு அடி ஆழ மணல் மண், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் வைத்திருக்கும். அதில் பத்தில் மூன்று பங்கு கல் போனால் மிஞ்சுவது 12 மில்லிமீட்டர் சுற்று. நம் ஊர் வெயிலில் நன்றாக வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டராவது குடிக்கும். அப்படியானால் எத்தனை நாள் வரும்? இரண்டரை நாள். மூன்றாம் நாள் இலை தொங்கத்தான் செய்யும். கரிசல் மண் அதே ஒரு அடியில் 50 மில்லிமீட்டர் வரை வைத்திருக்கும். வேர் அதற்குக் கீழேயும் இறங்கும். பக்கத்துக்காரர் பருத்தி பச்சென்று நின்றதில் மாயம் ஒன்றும் இல்லை.

12 மில்லிமீட்டர் என்பது ஒரு ஏக்கருக்கு 48,000 லிட்டர் சுமார். மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கிற மோட்டார் என்றால் இரண்டே முக்கால் மணி நேர ஓட்டம். அதற்கு மேல் இறைக்கிற தண்ணீர் வேரைத் தாண்டிக் கூழாங்கல்லுக்குள் போய்விடும். மச்சான் விடிய விடிய ஓட்டினாரே, அதில் ஏராளம் ஆற்றுக்கே திரும்பிப் போனது. போகும்போது யூரியாவையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு போனது. போன யூரியா எங்கே போகும்? சரளை வழியாகக் கிணற்றுக்குத்தான். ஆற்றோரக் கிணறு வெள்ளம் வந்தால் சீக்கிரம் ஊறும், வெள்ளம் வடிந்தால் சீக்கிரம் இறங்கும். அதே வேகத்தில் அழுக்கும் உரமும் உள்ளே வந்துவிடும். குடிநீரில் நைட்ரேட் உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கைக்குழந்தைகளுக்கு அது கேடு. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீடு என்றால் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சரளை நிலத்தில் உரத்தை வீணாக்குவது பணத்தோடு போகிற விஷயம் இல்லை.

இப்போது, நிலத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் நிலம் சும்மா கிடக்கும்போது மூன்று குழி வெட்டுங்கள். மேட்டு வரப்பு ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று, ஆற்றுப் பக்கம் ஒன்று. மூன்றடி ஆழம் போதும். குழியின் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்கிப் பாருங்கள். நல்ல மண் எத்தனை அங்குலம், கல் எங்கே ஆரம்பிக்கிறது, பழைய பயிரின் வேர் எங்கே நின்றுபோயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழியில் ஒரு முறை தண்ணீர் ஊற்றி நனையவிட்டு, மறுபடி ஒரு சாண் உயரம் ஊற்றி நேரம் பாருங்கள். கரிசலில் மறுநாளும் நிற்கும். சரளையில் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காணாமல் போகும்.

மச்சான் நிலத்தில் மேட்டு வரப்போரம் 20 அங்குலம் நல்ல மண் இருந்தது. நடுவில் 12 அங்குலம். ஆற்றுப் பக்கம் நாலே அங்குலம். அதற்குக் கீழே வெறும் கூழாங்கல். "இத்தனை வருஷமா இதுல உழுதிருக்கேன், எனக்கே தெரியலையே மாப்ளே" என்றார். உழுகிறவன் கண்ணுக்கு மேல்மண்தான் தெரியும். குழி வெட்டினால்தான் அடிமண் தெரியும்.

லாரிக்காரர் கேட்ட ஒரு மீட்டருக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது. இருந்த நல்ல மண்ணே இரண்டு அடிக்குள்தான். அதையும் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது கூழாங்கல் குளம். ஒரு வெள்ளம் கொண்டுவந்து விடுகிற வண்டல் ஒரு விரற்கடை கூட இருக்காது. பிறகு எத்தனை தலைமுறை காத்திருப்பது? அன்று சாயங்காலமே லாரிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த நிலத்துக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது. பொடி மண்ணுக்கு அடியில் சட்டென்று கூழாங்கல் வந்தால், மேலே உள்ள தண்ணீர் உடனே கீழே இறங்காது. மேல்மண் நன்றாக நனைந்து நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆக அளவாகத் தண்ணீர் விட்டால் மேல்மண் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்து வைத்திருக்கும். இந்த அமைப்பைக் கெடுப்பது ஆழ உழவு. டிராக்டர் சட்டிக் கலப்பையைப் போட்டுப் புரட்டினால் கல் மேலே வரும், நல்ல மண் கல் இடுக்கில் போய் ஒளியும். எனவே மேலோட்டமாகக் கொத்துக் கலப்பை உழவு போதும்.

அடுத்தது மண்ணைப் பலப்படுத்துவது. கோடையில் கண்மாய்க் கரம்பை அடிப்பது நம் பெரியவர்கள் கண்ட வழி. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மணற்பாங்கான நிலத்துக்கு ஹெக்டேருக்கு 100 டன், அதாவது ஏக்கருக்கு 40 டன் வரை களிமண் சேர்க்கச் சொல்கிறது. ஒரே வருஷத்தில் முடியாது. முதல் வருஷம் அரை ஏக்கருக்கு அடியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி முறையாக எடுங்கள். எடுக்கும் முன் கரம்பையில் உப்பு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கல் குறைவாகவும் மணல் அதிகமாகவும் உள்ள இடத்தில் உருளை ஓட்டலாம். நல்ல மழை பெய்து ஒரு நாள் கழித்து, 400 கிலோ எடையுள்ள கல் உருளையைப் பத்துத் தடவை ஓட்டவேண்டும். கல் உருளை இல்லாவிட்டால் காலித் தார் டிரம்மில் அந்த எடைக்கு மணல் நிரப்பி உருட்டலாம். மண் இறுகித் தண்ணீர் இறங்கும் வேகம் குறையும். பிறகு மேலாக ஒரு உழவு போட்டு விதைக்கலாம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

தொழு உரம் ஏக்கருக்கு 5 டன். இதை வருஷா வருஷம் போடவேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். லடாக்கில் சிந்து நதியோரமும் இதே மாதிரி கூழாங்கல் படுகைதான். லே நகரத்தில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவே. சாங்தாங் மேட்டு நிலம் 4,000 மீட்டருக்கு மேலான உயரம், கடுங்குளிர். அங்கே விழுந்த இலையும் வேரும் மக்க வெகுகாலம் ஆகும். அதனால் ஆற்றோர ஈரத்தில் கருப்பாக ஒரு மெல்லிய மேல்மண் சேர்ந்து புல் முளைக்கிறது. அங்குள்ள சாங்பா மக்கள் அதில் ஆடு மேய்த்துப் பிழைக்கிறார்கள். பஷ்மினாக் கம்பளி அந்த ஆட்டில்தான் வருகிறது. நம் ஊரிலோ வெயிலில் குப்பை சீக்கிரம் எரிந்து கரைந்துவிடும். குளிர் அங்கே சேர்த்து வைப்பதை இங்கே நம் கையால் வருஷந்தோறும் சேர்க்கவேண்டியிருக்கிறது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. மண் மெலிந்த ஆற்றோரத்தை அவர்கள் உழுது கிளறவில்லை. புல்லுக்கு விட்டார்கள்.

மச்சான் நிலத்திலும் அப்படியே பிரித்தோம். நாலு அங்குல மண் உள்ள ஆற்றுப் பக்கத்தில் உழவை நிறுத்தினோம். கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தோம். புல் நிற்கிற இடத்தில் வெள்ளத்தின் வேகம் தணியும். கலங்கல் தண்ணீரில் உள்ள வண்டல் அங்கேயே படியும். ஓரத்தில் வெட்டிவேர் வரிசை வைத்தால் கரையும் அரிக்காது. நடுப்பகுதியில் குறுகிய காலப் பயிராகக் குதிரைவாலியும் தட்டைப்பயறும். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சுமார். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மழைக்குள் விளைந்து வீடு வருகிற பயிராக இருந்தால் தண்ணீர்ச் சண்டை இல்லை. மேட்டு வரப்போரம் 20 அங்குலப் பகுதியில் மட்டும் பருத்தி. வரப்பை ஒட்டி மூன்றடிக் குழி எடுத்து, கல்லை அள்ளிவிட்டு, கரம்பையும் தொழு உரமும் கலந்து நிரப்பி, சீத்தா வைத்தோம். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.பி.கே. 1 என்ற ரகம் மானாவாரிக்கு ஏற்றது.

யூரியாவை நாலு பங்காகப் பிரித்து, மழை ஓய்ந்து ஈரம் இருக்கும்போது செடியோரம் வைக்கிறார். சாம்பல்சத்தையும் இரண்டாகப் பிரிக்கிறார். இப்போது கடையில் வரும் யூரியா வேம்பு பூசியதுதான். ஆனாலும் சரளையில் இறங்குகிற தண்ணீரோடு அதுவும் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சொட்டு நீர் போட முடிந்தால் இன்னும் நல்லது.

மாசியில் கீதாரிகளைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டார். ஒரே இடத்தில் போடாமல் தினமும் கிடையை மாற்றி மாற்றிப் போடச் சொன்னோம். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலம் பூராவும் பரவியது. "வண்டிக் கூலி மிச்சம் மாப்ளே" என்று சிரித்தார்.

பருத்தி வீடு நிறைய வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது அந்த நிலத்தின் சுபாவம் இல்லை. ஆனால் போன பருவம் உரக்கடையில் கடன் இல்லை. புல் இருப்பதால் அக்கா நாலு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருக்கிறாள். மகன் இன்னும் ஆலை வேலைக்குத்தான் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீத்தாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

சுருக்கமாக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒன்று, கோடையில் மூன்று குழி வெட்டி மண் ஆழம் பாருங்கள். இரண்டு, கல் எத்தனை பங்கு என்று அளந்து, பரிசோதனைச் சீட்டை அதற்குத் தக்கபடி படியுங்கள். மூன்று, ஆழ உழவு வேண்டாம். நான்கு, கரம்பையும் தொழு உரமும் இட்டு வாருங்கள். உரத்தையும் தண்ணீரையும் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். ஐந்து, மெலிந்த ஓரத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் விடுங்கள். ஆறு, எந்த விலைக்கும் மேல்மண்ணை விற்காதீர்கள்.

சித்திரை வெயிலில் கடப்பாரை பிடிக்க யோசனையாகத்தான் இருக்கும். அரை நாள் வேலைதான். நான் அந்த அரை நாளை முதலிலேயே செலவழித்திருந்தால் மச்சானுக்கு ஒரு போகம் மிஞ்சியிருக்கும்.